வெள்ளிக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்

ஆனி 5, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். மெயின் அருவியில் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர். குளிக்கத் தடை போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். எங்கள் லாட்ஜில் ஓர் அறைகூடக் காலியில்லை.

இன்றைய தலைவலிகள்: இரண்டாம் மாடியில் குழாய் ஒழுகல். ஜெனரேட்டருக்கு டீசல். விரிப்பு முழுக்க மசாஜ் எண்ணெய்க் கறை. கறைக்குத் தனியாகக் காசு கேட்டதற்கு மதுரைக்காரர் ஒருவர், குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் வேறு எங்கே போய்த் தேய்ப்பதாம் என்று சண்டைக்கு வந்தார். நியாயம்தான். ஆனாலும் வாங்கிவிட்டேன்.

சாயங்காலம் பண்பொழியிலிருந்து சம்பந்தியம்மா வந்தார்கள். மகள் பிரியாவின் மாமியார். இனி ச.அ. என்றே எழுதுவேன், ஒவ்வொரு தடவையும் முழுசாக எழுதினால் கை வலிக்கிறது. ஒரு கையில் பலாச்சுளை, ஒரு கையில் பஞ்சாங்கம். பலாச்சுளையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், பஞ்சாங்கத்தைக் கவனிக்கவில்லை.

பிரியா தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. டாக்டர் கொடுத்த நாள் ஆனி கடைசி. மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு ராஜஸ்தானில் ராணுவ வேலை. பத்தே நாள் லீவு, அடுத்த வியாழன் வந்து இறங்குகிறார். மறுநாள் வெள்ளி, பூசம். செங்கோட்டை ஜோசியர் சொல்லிவிட்டாராம்: பத்தரைக்கு ராகுகாலம் பிடிக்கும், அதற்கு முன் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும். சனிக்கிழமைக்குப் போனால் ஆயில்யம். பெண்ணாகப் பிறந்துவிட்டால் நாளைக்கு அதற்கு வரப்போகிற மாமியாருக்கு ஆகாது, எவன் கட்டுவான்?

"ஆபரேஷனா?" என்றேன்.

"இப்ப எல்லாரும் அப்படித்தான எடுக்காவ, அண்ணாச்சி. அவனும் பிள்ளயப் பாத்துட்டுப் போயிருவான்லா."

எனக்கு வாய் வரை வந்தது. மனைவி கோமதி காபி டம்ளரை என் கையில் திணித்து வாயை அடைத்துவிட்டாள்.

தலைப்பிரசவச் செலவு பெண் வீட்டுடையது. எங்கள் பக்கத்து வழக்கம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் லாட்ஜ் பாஷையில் சொன்னால், அறையை அவர்கள் புக் செய்கிறார்கள், வாடகை என் தலையில்.

பலாச்சுளை நல்ல தேன்.

ஆனி 6, வெள்ளி

தடை எடுத்தாயிற்று. கூட்டம். கால் வைக்க இடமில்லை. பிளம்பர் வந்தான், நன்றி. ஒழுகல் நிற்கவில்லை.

ஆனி 7, சனி

தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. விசாரித்து வைப்போம் என்று தனியாகப் போனேன். வீட்டில் சொல்லவில்லை.

தரை கண்ணாடி மாதிரி. செருப்பைக் கழற்றவா வேண்டாமா என்று நின்றேன். கவுன்ட்டரில் ஒரு பெண் அட்டையை நீட்டினாள். நார்மல் இவ்வளவு, சிசேரியன் இவ்வளவு. சாதா அறை, ஏசி அறை, சோபா போட்ட அறை. சிசேரியன் சாதா அறை எழுபதாயிரம், மருந்து தனி. குழந்தை டாக்டர் தனி. சோபா அறை லட்சத்தைத் தொடும். எங்கள் லாட்ஜ் கட்டண அட்டையும் இதே மாதிரிதான் இருக்கும். அருவி தெரிகிற அறை, தெரியாத அறை.

வருகிற வெள்ளி என்றதும் அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "அன்னைக்கு நல்ல நாளு சார், காலைல தியேட்டர் ஃபுல். ஒம்பதே கால் ஒண்ணு மட்டும் இருக்கு. வேற ரெண்டு பேரு கேட்டுட்டுப் போயிருக்காங்க."

இந்த வசனம் என்னுடையது. சீசனில் தினமும் போனில் நான் சொல்வது. தொழில் தெரிந்தவன் நானே விழுந்தேன். ஐயாயிரம் முன்பணம் கட்டி ரசீது வாங்கிவிட்டேன். எங்கள் லாட்ஜில் சாரல் விழுந்தால் வாடகை ஏறும். இங்கே பூசம் வந்தால் தியேட்டர் நிறைகிறது. மார்கழியில் காற்று வாங்குமாம்.

டாக்டரம்மாவையும் பார்த்தேன். குறை பிடிக்கும் எண்ணத்தோடுதான் உள்ளே போனேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பொறுமையாகப் பேசினார். உங்கள் பெண்ணுக்கு ஆபரேஷன் தேவை என்று நான் சொல்லவில்லை, நாளைக் கொண்டுவருவது நீங்கள், குழந்தை வளர்ந்திருந்தால் செய்வேன், காத்திருக்க மனம் இருந்தால் காத்திருங்கள் என்றார். நல்ல மனுஷி. அது வேறு எரிச்சல், திட்ட ஆளில்லாமல் போய்விட்டது.

ரம்புட்டான் ஒரு கிலோ வாங்கி வந்தேன். பிரியாவுக்குப் பிடிக்கும்.

ஆனி 8, ஞாயிறு

கூட்டமோ கூட்டம். டீ குடிக்க வெளியே வந்த நேரத்தில் மனசுக்குள் தெருவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மருமகள், ஆபரேஷன். எதிர்வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஆபரேஷன். என் தங்கச்சி மகள், ஆபரேஷன். எங்கள் ரிசப்ஷன் பெண், ஆபரேஷன், அதோடு கடனும். வலி வந்து பெற்றது யார் என்று தேடினால் முக்குக் கடைக்காரர் மகள் ஒருத்திதான். அதுவும் ஆட்டோவில்.

டீக்கடையில் காதில் விழுந்தது:

"மகளுக்கு நார்மலாம்."

"ஏன், வசதியில்லையோ?"

சிரித்ததில் டீ சட்டையில் கொட்டியது. வீட்டுக்குப் போகிற வரைக்கும் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

ஆனி 9, திங்கள்

துணி துவைக்கும்போது கோமதி சட்டைப்பையில் ரசீதைப் பார்த்துவிட்டாள். பிரியாவிடம் காட்டிவிட்டாள்.

பிரியா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், சமாளித்திருக்கலாம். சோபாவில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்பா, எல்லார்கிட்டயும் கேட்டீங்க. என்கிட்ட கேட்டீங்களா?"

இல்லை. ஜோசியரின் முடிவு தெரியும், ச.அ.வின் முடிவு தெரியும், கவுன்ட்டர் பெண்ணின் வசதி வரைக்கும் தெரியும். இவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். "எனக்குக் கத்தின்னா பயம்பா. தேவைன்னு டாக்டர் சொன்னா படுத்துக்கிடுதேன். நாளு நல்லாருக்குங்கறதுக்காக என்னால படுக்க முடியாது."

மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

ஆனி 10, செவ்வாய்

பிரியாவை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம், வழக்கமான பரிசோதனை. கோமதி உள்ளே, நான் வெளியே. பிரசவப் பிரிவில் ஆண்களுக்கு அனுமதியில்லை. வெளியே தகரக் கொட்டகைக்குள் எங்கள் ஆண்கள் கட்சி முழுக்கக் கூடியிருந்தது. கையில் பிளாஸ்க், மடியில் கூடை, முகத்தில் முழி. ஒருவர் சொன்னார், முதலில் அறுத்தால் அடுத்ததும் அநேகமாக அறுப்புதானாம். அது எனக்குப் புதிது. அந்த அட்டையில் அது இல்லை.

டாக்டர் சின்னப் பெண். பிரியாவை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். என்னையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கண்ணில் தூக்கம், கையில் பாதி பிஸ்கட். தலை கீழே திரும்பிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, இப்போது கத்தி வைக்க ஒரு காரணமும் இல்லை. நான் சும்மா இராமல், இங்கே ஆபரேஷன் அவ்வளவாகச் செய்வதில்லையோ என்றேன்.

"தினமும் செய்றோம் சார். வேணும்கிறவங்களுக்கு. வலி வந்தா வாங்க. தண்ணி உடைஞ்சா ஓடி வாங்க. குழந்தை அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தா அதைவிட வேகமா வாங்க."

மீதி பிஸ்கட்டைத் தின்றபடி அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் பிரியாவே மாமியாருக்குப் போன் போட்டாள். அத்தை, வெள்ளிக்கிழமை வேண்டாம், வலி வந்தால் போய்க்கொள்கிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அந்தப் பக்கம் ச.அ. குரல் எனக்கே கேட்டது. உங்க அப்பா செலவுக்குப் பயப்படுதாருன்னா சொல்லு, நான் தாரேன் என்றார்கள்.

செலவுக்குப் பயமா? எனக்கா? சட்டையை மாட்டினேன். சோபா அறையே போடுவேன், அருவி தெரிகிற அறை இருந்தால் அதையும் போடுவேன், இப்போதே போய் முழுப்பணத்தையும் கட்டிவிட்டு ரசீதைப் பண்பொழிக்கு அனுப்புகிறேன் என்று கத்தினேன். கோமதி வாசலில் வந்து நின்றாள்.

"உங்க ரோசத்துக்கு என் மக வயித்த அறுக்கணுமா?"

சட்டையைக் கழற்றினேன். இருபத்தெட்டு வருஷத்தில் இவள் என்னை எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கிறாள். இன்றைக்கு நிறுத்தியதற்கு நன்றி. அவளிடம் சொல்லவில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

ஆனி 11, புதன். அமாவாசை

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன், முன்பணத்தைக் கேட்க. சண்டைக்கு நாலு வசனம் தயார் செய்துகொண்டு போனேன். ஏனென்றால் எங்கள் லாட்ஜ் ரசீதின் அடியிலேயே அச்சடித்திருக்கிறது: முன்பணம் திருப்பித் தரப்படாது.

அந்தப் பெண் ஐயாயிரத்தையும் எடுத்துக் கையில் வைத்தாள். பிடித்தம் இல்லை. டாக்டர் அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். "நார்மலாகட்டும் சார், நல்லபடியாச் சொல்லியனுப்புங்க," என்றாள். தயார் செய்த வசனம் நாலும் வீண். லாட்ஜுக்குத் திரும்பியதும், நேற்று அறையை ரத்து செய்த தூத்துக்குடிக் குடும்பத்துக்குப் பாதிப் பணத்தை அனுப்பச் சொன்னேன். ரிசப்ஷன் பெண் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தாள்.

ஆனி 12, வியாழன்

மாப்பிள்ளை வந்தாயிற்று. கறுத்து, இளைத்து, வாய் நிறையச் சிரிப்பு. நேரே இங்கேதான் வந்தார், அம்மாவிடம் போகவில்லை. போச்சுடா, சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உன் இஷ்டம் என்று சொன்னாராம். கோமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். நல்ல பையன். நாள் பார்த்துக் கல்யாணம் செய்ததில் இது ஒன்று பலித்திருக்கிறது.

கனமழை. பழைய குற்றாலத்திலும் தடை.

ஆனி 13, வெள்ளி. பூசம்

ஏழரைக்கெல்லாம் ச.அ. வந்துவிட்டார்கள். ஹாலில் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார்கள். கோமதி இட்லி வைத்தாள், தொடவில்லை. மாப்பிள்ளை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போய்விட்டார். நான் லாட்ஜுக்குப் போயிருக்க வேண்டும், கால் வரவில்லை. ஒன்பது ஆனது. பத்து ஆனது. ஒரு வீடு மொத்தமும் கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது.

பத்தரை தாண்டியதும் ச.அ. முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். கோபம் வரும் என்று காத்திருந்தவனுக்கு அழுகையைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கோமதி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"முத்துக்குமாரு பொறக்கையில அவன் அப்பா காஷ்மீர் பட்டாளத்துல, மைனி. ஒண்ணரை வயசுல வந்து பாத்தாவ. பிள்ள யாரோன்னு பயந்து, கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சிக்கிட்டான். அந்த மனுஷன் அன்னைக்கு அழுதாவ. அதான். வேற ஒண்ணுமில்ல."

அட, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா. நானும் கேட்டிருக்கலாம். பஞ்சாங்கத்தோடு மட்டுமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு இட்லி சாப்பிட்டார்கள். இரவு இங்கேயே தங்குகிறார்கள்.

ஆனி 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சனி காலை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரியா பாத்ரூமிலிருந்து அம்மா என்று கூப்பிட்டாள். தண்ணீர் உடைந்துவிட்டது. நிறம் பச்சை. ச.அ. ஒரு பார்வை பார்த்தார்கள். "உள்ளுக்குள்ளயே பிள்ள வெளிக்குப் போயிருக்கு. கிளம்புங்க," என்றார்கள்.

லாட்ஜ் வேனில் ஏற்றினோம். வீட்டிலிருந்து தென்காசி அரசு ஆஸ்பத்திரி சாதாரண நாளில் கால் மணி நேரம். நேற்று சனி, சீசன், தடை எடுத்த காலை. மெயின் ரோட்டுக்கு வந்தால் வேன், பஸ், கார், நடுரோட்டில் துண்டோடு ஆட்கள். ஒரு சக்கரம் நகரவில்லை. இந்தக் கூட்டம் வர வேண்டும் என்றுதான் வருஷம் முழுக்கச் சாமி கும்பிடுகிறேன். நேற்று அத்தனை பேரையும் சபித்தேன்.

பிரியா அசைவு தெரியவில்லை என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

மாப்பிள்ளை இறங்கி முன்னால் ஓடினார். ஒவ்வொரு வண்டியாகக் கண்ணாடியைத் தட்டி ஒதுக்கினார். இன்னொரு பக்கம் ச.அ. இறங்கிவிட்டார்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, எண்ணெய் வழிய நின்ற ஒரு கூட்டத்தைப் பார்த்து, "ஏலே, வழி விடுங்கலே, பிள்ளத்தாச்சி வண்டி," என்று போட்ட சத்தத்தில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸே பின்னால் போனது. எண்ணெய் உடம்போடு நாலைந்து பேர் அவர்களாகவே வந்து ஆளுக்கொரு பக்கம் வண்டிகளைத் தள்ளி நிறுத்தினார்கள். மேலகரம் தாண்டியதும் ரோடு விட்டது. அந்த எண்ணெய்க்காரர்கள் எந்த ஊரோ. எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தால் கறைக்குக் காசு வாங்க மாட்டேன்.

ஆஸ்பத்திரி. அதே சின்ன டாக்டர். வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார், இரண்டு தடவை கேட்டார். குழந்தையின் துடிப்பு இறங்குகிறது, உடனே எடுக்க வேண்டும் என்றார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். ஒரு வாரமாக ஆபரேஷனைத் திட்டித் தீர்த்தவன் நான். சீக்கிரம் அறுங்கம்மா, சீக்கிரம் என்று அந்தப் பெண்ணிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாயால்தான் சொன்னேன். ஸ்ட்ரெச்சரில் போகும்போது பிரியா, "அப்பா, இது தேவைதான?" என்று கேட்டாள். ஆமா மக்கா என்றேன். தலையாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெண் குழந்தை. உடனே அழவில்லை. கதவுக்கு வெளியே நாங்கள் நாலு பேரும் ஒரு அழுகைக்காக நின்றோம். அப்படி ஒரு நிற்பு வாழ்க்கையில் நின்றதில்லை. அப்புறம் ஒரு முனகல், பிறகு ஓங்கி ஒரு கத்தல். கோமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் நிற்கவில்லை என்று நர்ஸ் ஓடி வந்தார். ரத்த வங்கியிலிருந்து உடனே எடுத்து ஏற்றினார்கள். யாரும் முதலில் பணம் கேட்கவில்லை, ஆள் கேட்கவில்லை. ஏற்றிவிட்டு, பிறகு முடிந்தவர்கள் பதிலுக்குக் கொடுங்கள் என்றார்கள். மாப்பிள்ளை கொடுத்தார். நான் கையை நீட்டினேன், பிரஷர் அதிகம், போங்க அண்ணாச்சி என்று விரட்டிவிட்டார்கள். ச.அ. போய்க் கையை நீட்டினார்கள். வயதைக் கேட்டார்கள், எடை போட்டார்கள், விரலில் குத்திப் பார்த்தார்கள், எடுத்துக்கொண்டார்கள். படுத்தபடியே, காணாதுன்னா இன்னும் எடுங்க என்றார்களாம். ஒரு ஆளிடம் ஒன்றுதான் எடுப்போம் ஆச்சி என்று நர்ஸ் சிரித்தாராம். ஆச்சி என்று கூப்பிட்டதில் ச.அ.வுக்குக் கொஞ்சம் வருத்தம்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார். பச்சை உடையில் ரத்தம். ரத்தம் நின்றுவிட்டது, பெண் நன்றாக இருக்கிறாள், குழந்தை ஒருநாள் ஆக்சிஜனில் இருக்கட்டும் என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். அம்மா என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. கிட்டத்தட்ட என் மகள் வயசுதான் அவருக்கு.

சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது: சனிக்கிழமை, ஆயில்யம், பிறந்த நேரம் நட்டநடு ராகுகாலம். செங்கோட்டை ஜோசியர் போன் அடித்தார். ச.அ. எடுத்துப் பார்த்துவிட்டு, கட் செய்து பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

ஆனி 16, திங்கள்

குழந்தை ஆக்சிஜன் இல்லாமல் மூச்சு விடுகிறது. பிரியாவிடம் கொண்டுவந்து கொடுத்தார்கள். நன்றி, நன்றி, நன்றி. வேறு எழுத ஒன்றும் தோன்றவில்லை.

குழாய் இன்னும் ஒழுகுகிறதாம். ஒழுகட்டும்.

ஆனி 17, செவ்வாய்

தகரக் கொட்டகையில் இப்போது நான் பழைய ஆள். புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். வெந்நீர் எங்கே, நல்ல டீ எங்கே, எந்தக் கதவருகே நின்றால் முதலில் தகவல் வரும்.

தியேட்டர் கதவு திறந்து திறந்து மூடுகிறது. இரட்டைக் குழந்தை ஒன்று, குறுக்கே கிடந்த குழந்தை ஒன்று, பிரஷர் ஏறி வலிப்பு வந்த பெண் ஒருத்தி. ஒரு நாளைக்கு எத்தனை ஆபரேஷன் இருக்கும் என்று வாசல் செக்யூரிட்டியிடம் கேட்டேன். "எண்ணுததில்ல அண்ணாச்சி. எண்ணுனா கண்ணு பட்டுரும்," என்றார். சரிதான், நானும் விட்டுவிட்டேன்.

மனசில் ஒரு முள். வெள்ளிக்கிழமையே செய்திருந்தால் பச்சைத் தண்ணீர் இல்லை, அந்த டிராபிக் இல்லை, ரத்தம் போயிருக்காதோ என்னமோ. நான் போய் முன்பணத்தைத் திருப்பி வாங்கியதால்தானா எல்லாம்? ராத்திரி தூக்கமில்லை. இன்று டாக்டரை வராந்தாவில் பார்த்ததும் கேட்டேவிட்டேன். நின்று யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"தெரியாது சார். வெள்ளிக்கிழமை செஞ்சிருந்தா வேற ஏதாவது ஆகியிருக்கலாம், ஒண்ணுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காரணம் இல்ல, காத்திருந்தீங்க. சனிக்கிழமை காரணம் இருந்துச்சு, ஓடி வந்தீங்க. போய்ச் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். மூன்று பரோட்டா.

முள் முழுசாகப் போகவில்லை. ச.அ. இதைச் சொல்லிக் காட்டினால் என்ன பதில் சொல்வது என்று ஒவ்வொரு நிமிஷமும் காத்திருக்கிறேன். அவர்கள் சொல்லவில்லை. கோமதியும் அவர்களும் மாறி மாறி வார்டில் இருக்கிறார்கள்.

ஆனி 18, புதன்

பிரியா எழுந்து நாலு எட்டு நடந்தாள். தையல் இழுக்கிறது என்றாள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அமுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்களாம். கோமதி போனில் படம் அனுப்பினாள். மாமியார் ஒரு பக்கம் பிடித்திருக்கிறார்கள், பிரியா முகத்தில் வலியும் சிரிப்பும். மாப்பிள்ளையும் நானும் அதைப் பெரிது பண்ணிப் பெரிது பண்ணிப் பார்த்தோம்.

ஆனி 20, வெள்ளி

சாரல். டிஸ்சார்ஜ்.

காலையிலேயே பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் தொழிலில் பில் கட்டாமல் ஒரு ஆள் வாசலைத் தாண்ட முடியாது. இங்கே பில் எங்கே கட்டுவது என்று ஒவ்வொரு ஜன்னலாகக் கேட்டேன். நர்ஸம்மா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். பில்லெல்லாம் கிடையாது அண்ணாச்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஆபரேஷன், ரத்தம், குழந்தைக்கு ஆக்சிஜன், ஏழு நாள் படுக்கை, மருந்து. வெளியே செய்திருந்தால் என் சீசன் வருமானம் மொத்தமும் போயிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும். கூச்சமாக இருந்தது. டாக்டரைத் தேடினேன். தியேட்டருக்குள் இருக்கிறார், வர நேரமாகும் என்றார்கள். மூடியிருந்த கதவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, நினைக்கட்டும்.

மாப்பிள்ளை நாளைக்கு ரயில் ஏறுகிறார். பார்க்க விட்ட நேரமெல்லாம் மகளைக் கையை விட்டு இறக்கவில்லை.

வீட்டில் கொண்டுவந்து விடும் ஆஸ்பத்திரி வண்டி வர நேரமானது. வராந்தா பெஞ்சில் ச.அ., மடியில் பேத்தி. பக்கத்தில் நான். ஏழு நாளாக வயிற்றுக்குள் வைத்திருந்ததை அவர்கள் சொல்லிக் காட்டுவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். நீங்கள் சொன்ன நேரத்தில் எடுத்திருந்தால் பிரியாவுக்கு இவ்வளவு பாடு இருந்திருக்காதோ என்று.

ச.அ. குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொன்ன நேரத்துல எடுத்திருந்தா பூசத்துப் பிள்ளைல்லா வந்திருக்கும், அண்ணாச்சி. அது வேற பிள்ள. இவ வந்திருக்க மாட்டாளே."

வண்டி வந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி எழுந்து, தகரக் கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.